எட்டாவது கூற்று

நெதர்லாந்தின் அந்தப் பழைய பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு மட்டும் போதாது. கூடவே பத்துக் கூற்றுகளை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும், சபையில் யார் எதைக் கேட்டாலும் நின்று வாதாட வேண்டும். பாதிக் கூற்றுகள் ஆய்வைப் பற்றி இருக்கும். மீதி எதைப் பற்றியும் இருக்கலாம். பூனை வளர்ப்பைப் பற்றி எழுதியவர்கள் உண்டு, சைக்கிள் திருட்டைப் பற்றி எழுதியவர்கள் உண்டு, யாரும் முகம் சுளித்ததில்லை. நெல்லா எட்டாவது கூற்றில் கடவுளைக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து துறையின் காப்பி இயந்திரத்தருகே வேறு பேச்சே இல்லை.

"உண்மையெல்லாம் ஆண்டவருடையது என்று நம்புகிறவளுக்கு, தனக்குப் பிடிக்காத உண்மையை ஒதுக்கிவைக்க உரிமை இல்லை." இவ்வளவுதான் அந்தக் கூற்று.

அவளுடைய வழிகாட்டி ஹெட்விக் நல்ல மனுஷி, ஆனால் வம்பென்றால் பத்தடி தள்ளி நிற்பவள்.

"அத எடுத்துடேன் நெல்லா. சைக்கிள் பத்தி ஏதாவது போடு."

"ஏன் மேடம், தப்பா இருக்கா?"

"தப்புன்னு யாரு சொன்னா? ஓஸ்டெர்ஹாஃப் கேள்வி கேக்க வர்றார். அவர் வாயில போய் நீயே விழணுமா?"

பேராசிரியர் ஓஸ்டெர்ஹாஃப் கடலோரச் சேற்றைப் படிப்பதில் அந்நாட்டில் முதல் ஆள். மதம் என்றால் அவருக்கு ஆகாது. நம்புகிறவர்கள் சர்ச்சுக்குப் போகட்டும், மண்ணை எங்களிடம் விட்டுவிடட்டும் என்று ஒரு கூட்டத்தில் சொல்லி, கைதட்டலும் வாங்கியவர். அவர் அப்படிச் சொன்னபோது நெல்லா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எட்டாவது கூற்று அன்றே அவள் மனதில் எழுதப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

ஊரிலும் அவளுக்கு இடிதான். ஜேலாந்து மாகாணத்துத் தீவு ஒன்றில் அவள் அப்பா மரினுஸ் சிப்பிப் படகு வைத்திருக்கிறார். நெல்லா அந்தக் கடலோரச் சேற்றில் குழாய் இறக்கி, ஆயிரம் வருடத்து மண்ணை உருவி எடுத்து, பெருவெள்ளம் வந்த ஒவ்வொரு தடவையும் கடல் விட்டுப்போன மணல் படுகைகளை எண்ணினாள். ஏழு வெள்ளம் என்று முடிவு சொன்னாள். பத்திரிகைகளில் வந்தது. சர்ச் மூப்பர் ஒருவர் வாசலிலேயே மரினுஸை மறித்தார்.

"ஆண்டவர் அனுப்பின வெள்ளத்த எண்ணிப்பாக்க உம்ம பொண்ணு யாருய்யா?"

மரினுஸ் தொப்பியைத் தொட்டுவிட்டு நடந்தார். அவர் எதற்குமே அதிகம் பேசாத ஆள். நெல்லா பள்ளியில் முதலாவதாக வந்த அன்றும், "சரி, தட்டைக் கழுவி வை" என்றுதான் சொன்னார். பெருமை பாவம் என்பதில் அந்த வீட்டில் இரண்டு கருத்து கிடையாது. அவளும் சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவினாள், ஆனால் அது அவளுக்கு வலித்தது.

பட்டத் தேர்வுக்கு முந்தின வாரம் முழுவதும் எட்டாவது கூற்றுக்கான பதிலைக் கண்ணாடி முன் நின்று ஒப்பித்தாள். நல்ல பதில் அது. பிரசங்கம் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு இருந்தது. கேட்டுச் சரிபார்த்தவள் தோழி ஃபெம்கே. தேர்வு மண்டபத்தில் நெல்லாவுக்குத் துணையாகப் பக்கத்தில் நிற்கப்போகிறவளும் அவள்தான்.

"எனக்கு உங்க ஆண்டவரத் தெரியாதுடி, உன்னத் தெரியும்," என்றாள் ஃபெம்கே. "அதனால ஒரு உலக ஞானம் சொல்றேன், கேட்டுக்கோ. பதில் தெரியாத கேள்வி வந்தா பேசிக்கிட்டே இரு. நேரம் முடிஞ்சதுன்னு சொல்ற கோல்காரம்மா வந்து கோலால தரையில தட்டிட்டா அதுக்கப்புறம் அவங்களும் கேக்க முடியாது, நீயும் சொல்ல வேண்டாம். எத்தன பேரு அதுல பொழச்சிருக்காங்க தெரியுமா?"

"எனக்கு அது தேவப்படாது."

"தேவப்பட்டா வெச்சுக்கோ."

மண்டபம் முன்னொரு காலத்தில் சர்ச்சாக இருந்தது. கடவுளைக் காலி செய்ய வைத்துவிட்டு, அந்த இடத்தில் பேராசிரியர்களின் ஓவியங்களை மாட்டியிருந்தார்கள். மரினுஸ் கறுப்புக் கோட்டில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தொப்பி அணிந்த இரண்டு அத்தைகள். கறுப்பு அங்கியில் பேராசிரியர்கள் வரிசையாக நுழைந்ததும் அவர் கோட்டுப் பையிலிருந்து புதினா மிட்டாயை எடுத்து அத்தைகளுக்கும் கொடுத்துத் தானும் வாயில் போட்டுக்கொண்டார். பிரசங்கம் தொடங்கும்போது செய்வது அதுதான், இதற்கும் அதுவே சரி என்று நினைத்திருப்பார்.

மற்றவர்களின் கேள்விகளுக்கு நெல்லா தடுமாறாமல் பதில் சொன்னாள். சிறப்புத் தகுதியோடு பட்டம் கிடைக்கும் என்று துறையில் பேசிக்கொண்டது நடந்துவிடும் போலிருந்தது. கடைசியாக ஓஸ்டெர்ஹாஃப் எழுந்தார். மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எட்டாவது கூற்றுக்குத்தான் எல்லாரும் காத்திருக்கீங்கன்னு தெரியும்," என்றார். "அதுக்கு வர்றேன். மொதல்ல நாலாவது அத்தியாயத்துல ஒரு சின்ன சந்தேகம். மூணாவது மணல் படுகைக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஒரு விரக்கடை சேறு இருக்கு. அது படிய அறுபது வருஷம் ஆச்சுங்கறீங்க. அறுபது வருஷம் சேறு சும்மா கிடந்தா அதுல புழு குடியேறாதா? உங்க படத்துல ஒரு புழுத்துளைகூட இல்லையே. புழுவெல்லாம் எங்க போச்சு?"

சபை சிரித்தது. நெல்லா ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைத் திருப்பினாள்.

அந்தப் படத்தை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இப்போதுதான் தெரிந்தது. புழுத்துளை இல்லையென்றால் அந்தச் சேறு அறுபது வருடத்தில் படிந்ததல்ல, சில நாட்களில் படிந்தது. புயல் கொஞ்சம் ஓய்ந்து மறுபடி அடித்திருக்கிறது. இரண்டு படுகையும் ஒரே வெள்ளத்தின் வேலை. அவளுடைய ஏழு வெள்ளத்தில் ஒன்று வந்ததே இல்லை.

தனக்காகப் பொய் சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கு நாக்கு எழாது. சோதனை வேறு வழியில் வந்தது. இங்கே சறுக்கினால், பைபிள்காரியின் ஆராய்ச்சி இந்த லட்சணம்தான் என்பார்கள். ஆண்டவரின் மானமல்லவா போகும்? அவருக்காக ஒரு சின்ன மழுப்பல் செய்தால் என்ன? ஆண்டவர் கேட்காத உதவியை அவருக்குச் செய்யக் கிளம்புவது பக்திமான்களுக்கே உரிய கோளாறு. நெல்லாவும் கிளம்பினாள்.

"கற்றறிந்த எதிர்வாதி அவர்களே," என்று முறைப்படி தொடங்கினாள். "ரொம்ப முக்கியமான கேள்வி. புழு எந்த மாதிரிச் சேத்துல வாழும்ங்கறத மொதல்ல பாக்கணும்..."

பார்த்தாள். வெப்பத்தைப் பார்த்தாள், ஆழத்தைப் பார்த்தாள், டென்மார்க் கடற்கரை வரைக்கும் போய்ப் புழுவைத் தேடினாள். ஃபெம்கே பக்கத்தில் அசையாமல் நின்றாள், ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஹெட்விக்குக்கும் புரிந்திருக்க வேண்டும், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓஸ்டெர்ஹாஃப் குறுக்கிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"...அந்தச் சேத்துல உப்பு ரொம்ப அதிகமா இருந்திருந்தா..." என்று நெல்லா சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. கோல்காரம்மா வெள்ளிமணி கட்டிய கோலோடு நடுவழியில் நடந்து வந்து, தரையில் ஓங்கித் தட்டி, நேரம் ஆயிற்று என்று லத்தீனில் சொன்னாள்.

முடிந்தது. தப்பித்தாயிற்று.

தேர்வுக் குழுத் தலைவர் புன்னகையோடு வழக்கமான வார்த்தையைச் சொன்னார். "வாக்கியத்த முடிக்கணும்னா முடிச்சுக்கலாம். இல்ல, அப்படியே விட்டுடலாம்."

எல்லோரும் அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கம். சபை கைதட்டத் தயாராகக் கையைத் தூக்கிவிட்டது. நெல்லா மேஜையைப் பார்த்தாள். ஆய்வேட்டின் மேல் கூற்றுகள் அச்சிட்ட தாள் கிடந்தது. எட்டாவதை வாசிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அதை எழுதியவள் அவள்தான். யாரைக் காப்பாற்ற இவ்வளவு நேரம் புழுவைத் தேடினோம் என்று நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆண்டவர் அவளிடம் காவலுக்கு ஆள் கேட்கவில்லை.

"முடிச்சுக்கறேன்," என்றாள்.

தூக்கிய கைகள் இறங்கின.

"அந்தச் சேத்துல உப்பு ரொம்ப அதிகமா இருந்திருந்தா புழு இருக்காது, ஆனா உப்பு அதிகமில்லன்னு நானே அளந்து மூணாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன், அதனால நீங்க சொல்ல வர்றதுதான் சரி, தப்பு என்னோடது, வெள்ளம் ஏழு இல்ல, ஆறு."

ஒரே வாக்கியம். அதற்குமேல் பேச அவளுக்கும் உரிமை இல்லை, ஓஸ்டெர்ஹாஃபுக்கும் இல்லை. அவர் வாயைத் திறந்தார், கோல்காரம்மாவைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அங்கிகள் வரிசையாக வெளியேறின. ஃபெம்கே அவள் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"லூசாடி நீ," என்று காதருகே சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

உள்ளே விவாதம் நீண்டது. திரும்பி வந்து பட்டம் கொடுத்தார்கள். சிறப்புத் தகுதி இல்லை. ஒரு வெள்ளம் குறைந்த ஆய்வேட்டுக்கு அதைக் கொடுக்க முடியாதுதான். நெல்லாவுக்கு அது சுருக்கென்று தைத்தது, இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனாலும் பட்டச்சுருளை வாங்கும்போது முதுகு நேராக இருந்தது.

விருந்தறையில் அத்தைகள் ஊரிலிருந்து கொண்டுவந்த லவங்கப்பட்டைச் சர்க்கரை ரொட்டியை எல்லோர் கையிலும் திணித்துக்கொண்டிருந்தார்கள். ஓஸ்டெர்ஹாஃப் விரலெல்லாம் சர்க்கரைப் பாகோடு நெல்லாவிடம் வந்தார்.

"எட்டாவது கூற்றுக்குக் கேள்வி வெச்சிருந்தேன். நேரம் இல்லாம போச்சு."

"இப்ப வேணா கேளுங்க சார். நல்லா பதில் தயார் பண்ணி வெச்சிருக்கேன்."

"வேண்டாம்மா, அதச் சொல்லிக் கெடுத்துடாதீங்க." பாகை நக்கிக்கொண்டார். "எனக்கு உங்க ஆண்டவர்மேல நம்பிக்கை வந்துடல, பயப்படாதீங்க. ஆனா சேத்துக்கு உங்கள மாதிரி ஆளு வேணும். முன்னாடி ஒரு கூட்டத்துல நான் ஏதோ சொன்னேனே, அத வாபஸ் வாங்கிக்கறேன். ஆறு வெள்ளம்னு ஒரு கட்டுரை எழுதுவோமா? உங்க பேரு மொதல்ல."

"எழுதலாம் சார்."

அப்போதுதான் மரினுஸ் பக்கத்தில் வந்து நின்றார். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஓஸ்டெர்ஹாஃப் அவருக்குக் கை நீட்டினார்.

"நீங்கதான் அப்பாவா? உங்க பொண்ண நெனச்சு நீங்க பெருமைப்படணும்."

"எங்க சபையில பெருமை பாவம் சார்," என்றார் மரினுஸ்.

நெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். எதிர்பார்த்ததுதான். அடுத்து தட்டைக் கழுவச் சொல்வார் என்று நினைத்தாள்.

மரினுஸ் வாயிலிருந்த இன்னொரு புதினா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு தொப்பியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, எல்லோரும் பார்க்க மகளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு அந்தப் பாவத்தப் பண்ணியாச்சு," என்றார். "ஞாயித்துக்கிழமை மன்னிப்புக் கேட்டுக்கறேன்."