பக்கத்துக் கைத்தடி

வீரலட்சுமியின் நெற்றியில் தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். சிப்காட் சாலையோரம் நின்ற லாரியிலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் இடித்துக்கொண்டிருந்தாள். நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்களாம். கண் தெரியாதவளுக்குச் சிவப்பென்ன, பச்சையென்ன.

அவளுக்கும் பார்வை இல்லை, கணவன் அழகர்சாமிக்கும் இல்லை. மதுரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து ஒரே கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார்கள். ஆளுக்கொரு கைத்தடி. காதுக்குக் கேட்காத ஒலியை அது முன்னால் அனுப்பும்; எதிலாவது பட்டுத் திரும்பினால் கைப்பிடி அதிரும். அது கைக்கு வந்த நாள் முதல் அழகர்சாமி யார் தோளையும் தொட்டதில்லை. சின்ன வயதில் ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்துப்போனதில் அவனுக்கு அப்படியொரு வெறுப்பு. பெண்டாட்டி தோளைக்கூடப் பிடிக்க மாட்டான்.

ஆனால் இருவரும் சேர்ந்து நடந்தால் தடிகளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். வெட்டவெளியிலும் அதிரும். "பக்கத்துல நான் வர்றேன்ல, அதான்" என்று அவன் சொல்லிச் சொல்லி, அவளும் அதிர்வைச் சட்டை செய்வதை விட்டிருந்தாள். அன்றைக்கும் அதிர்ந்தது. "ஒண்ணுமில்ல, வா" என்றவன் அவன்தான். அந்த வார்த்தை அவனைத் தின்றுகொண்டிருந்தது.

கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் ஊத்தங்கரைக்காரன் சிவராஜ், இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உங்க ஸ்டிக் போடற சத்தத்த அக்கா ஸ்டிக்கு தன்னோடதுன்னு நெனச்சுக்குதுங்கண்ணா. எங்க ரோபோ வண்டியிலயும் இதே தொல்லதான். சென்சாருங்க பக்கத்துப் பக்கத்துல இருக்குது. ஒண்ணு சத்தம் போடறப்ப மத்தது சும்மா இருக்கற மாதிரி முறை வெச்சோம், சரியாப் போச்சு."

"இதுக்கும் அப்படி வச்சுரு."

"அதெல்லாம் ஒரே ஒயர்ல இருக்குது. இது தனித்தனி, முறை வெக்க வழியில்லீங்க." கொஞ்சம் தயங்கினான். "சேந்து நடக்கணும்னா ஒண்ண ஆஃப் பண்ணிடுங்க. இல்லன்னா தள்ளித் தள்ளி நடங்க."

மறுநாள் தள்ளி நடந்தார்கள். அவன் முன்னால், அவள் வெகு பின்னால். நடுவில் லாரிகளின் இரைச்சல். அவள் வருகிறாளா, மறுபடி எதிலாவது இடித்துக்கொண்டு நிற்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. நின்றுவிட்டான். கடைசியில் அவள் தடி தட்டும் ஓசை பக்கத்தில் வந்தது.

"ஏன் நின்னுட்டீங்க?"

இரண்டு தடிகளும் மறுபடி அதிரத் தொடங்கின.

"நான் என்னோடத ஆஃப் பண்ணிக்கிறேன். உங்களப் பிடிச்சுக்கிட்டே வந்துர்றேன்" என்றாள்.

அடிபட்டவளே விட்டுக்கொடுப்பதைக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. தன் தடியின் பொத்தானை அழுத்தினான். கைப்பிடி அடங்கியது. கையை நீட்டித் துழாவி, அவள் தோளைப் பிடித்தான். அவள் நடந்தாள்.

சற்று தூரத்தில் அவள் தடி அதிர்ந்தது. நின்று, கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

"மரக்கெள தொங்குது. குனிஞ்சு வாங்க."

குனிந்தான். தலையில் எதுவும் உரசவில்லை. தாண்டிவிட்டோமா என்று கேட்க வாயெடுத்தான், கேட்கவில்லை. அவள் "நிமிருங்க" என்று சொல்லும்வரை குனிந்தபடியே நடந்தான்.