குமிழ் இல்லாத பெட்டி

ப்ரோனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கில்வாரா ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை, சதுக்கத்தின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, ஒலிபெருக்கிப் பெட்டியின் மூன்று குமிழ்களையும் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாளே, அது கொஞ்சம் அதிகம்தான்.

வேறு என்ன செய்வாள் பாவம்? கோடையில் சதுக்கத்தில் வாசித்துச் சம்பாதிக்கிற மூன்று பேர் குழு அவர்களுடையது. அவள் தம்பி பீயக்ரா பிடில் வாசிக்கிறவன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், ஷூ நாடா கட்டுகிற சாக்கில் குனிந்து தன் குமிழை ஒரு திருகு ஏற்றிவிடுவான். கிடாரைப் பிடித்துக்கொண்டு பாடுகிற மர்ட் அதைப் பார்த்துவிடுவான். தண்ணீர் பாட்டிலை எடுக்கிற சாக்கில் தன்னுடையதை ஏற்றுவான். அன்றைக்கு நாலாவது பாட்டில் மருந்துக்கடைக்காரி காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். அவள் பின்னாலேயே நகராட்சி ஆபீஸ் நோரீன் எச்சரிக்கைக் கடிதத்தோடு வந்தாள்.

"இனிமே பேச்சே கிடையாது, ப்ரோனா. அடுத்த வாரம் விட்டு அதுக்கு அடுத்த வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு அளப்பேன். பத்து மீட்டர் தள்ளி நின்னா எழுபத்தஞ்சு டெசிபல். அதைத் தாண்டினா இந்தக் கோடைக்கு சதுக்கம் உங்களுக்கு இல்ல. நாலு குழு வரிசையில நிக்குது."

சதுக்கம் போனால் மூன்று பேரின் கோடைக்காலச் சோறு போகும். அது கூடப் பரவாயில்லை, மழைக்காலத்தில் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்து பிழைக்கிறவள்தான் ப்ரோனா, கோடையிலும் அதையே செய்துவிட்டுப் போகிறாள். பீயக்ரா போய்விடுவான் என்பதுதான் அவள் பயம். கனடாவில் கேல்கரியில் பெரியம்மா மகன் டோனல் கூரை போடும் வேலையில் இருந்தான். பனிக்காலத்திலிருந்தே வாடா வாடா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "சதுக்கம் கிடைச்சா இருக்கேன்க்கா. இல்லேன்னா கூரை ஏறப் போறேன்," என்று பீயக்ரா ஈஸ்டர் அன்றைக்கே சொல்லிவிட்டான். அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அக்காவும் தம்பியும்தான். போகாதேடா என்று அவளுக்குச் சொல்ல வராது. அவளுக்கு வாயில் வருவதெல்லாம் திட்டுதான்.

ஆகவே அவள் பெட்டி செய்ய உட்கார்ந்தாள். வெளியே ஒரு குமிழ் கூட இல்லாத பெட்டி.

பழைய சமையலறை அலமாரிக் கதவை அறுத்துப் பலகையாக்கினாள். விபத்தில் நசுங்கிய ஒரு மின்சார சைக்கிளிலிருந்து பேட்டரியைக் கழற்றினாள். ஐந்து மணி நேரம் தாங்கும், கடைக்காரன் யாரிடமும் ஒரு பிளக் பாயிண்டுக்குப் பல்லைக் காட்ட வேண்டியதில்லை. எட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டு. முதல் போர்டில் ஒயரை மாற்றிக் கொடுத்துப் புகைய விட்டாள், அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. இரண்டாவது போர்டுக்கு முன்னால் ஃபியூஸ் போட்டாள். பிடிலில் ஒட்டுகிற பொத்தான் மைக்கை நேராக மாட்டினால் தகர டப்பா மாதிரிக் கத்தும். நடுவில் இன்னொரு சின்ன போர்டு வைத்தால்தான் மரத்தின் குரல் வரும். அதையும் வைத்தாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுகள் மூன்றும் உள்ளே, நகக்கண் அளவில், மெல்லிய ஸ்க்ரூடிரைவருக்கு மட்டும் அசைகிற மாதிரி.

அளவு வைக்க ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டாள். பீயக்ரா வீட்டுக் கொட்டகைக்குள் நின்று வாசிக்க, இவள் சந்தில் பத்து மீட்டர் தள்ளி நின்று போனில் அளந்தாள். ஓடி வந்து திருகினாள், மறுபடி ஓடினாள். எழுபத்தொன்று வந்ததும் நிறுத்தினாள். மர்ட்டுக்கும் அப்படியே, எழுபத்திரண்டு.

"உன்னுதுக்கு நான் நின்னு பாக்கட்டுமா?" என்று மர்ட் கேட்டான்.

"நீ வீட்டுக்குப் போ சாமி. நான் அந்தப் பக்கம் திரும்பினா நீ உள்ள கைய விட்டுருவ."

"அப்ப உன்னுதை யாரு அளப்பா?"

"எனக்குக் காது இருக்கு."

அவள் வாசிப்பது கான்செர்ட்டினா. மடியில் வைத்து, இரண்டு கையையும் வாரில் நுழைத்து, இழுத்து அமுக்கி வாசிக்கிற சின்னத் துருத்தி. இரண்டு கையும் அதில் மாட்டிக்கொண்டிருக்கும்போது பத்து மீட்டர் தள்ளி நின்று எப்படி அளப்பது? காதால் வைத்தாள். சதுக்கத்தில் எப்போதும் தன் சத்தம்தான் அமுங்கிப் போகிறது என்பது அவள் தீர்மானம், அதனால் கால் சுற்று கூட்டியே வைத்தாள். பிறகு முதுகுப் பலகையை மூடி, வாஷிங் மெஷின் பின்பக்கத்துக்கு வருகிற நட்சத்திர ஓட்டைத் திருகாணிகள் எட்டைப் போட்டு முடுக்கினாள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு. யாராவது திறந்தால் பூச்சு பெயரும், பிடித்துவிடலாம்.

"ஜெயில் கட்டியிருக்கா பாரு," என்றான் மர்ட்.

"கைதிங்க மாதிரி நடந்துகிட்டா ஜெயில்தான்," என்றாள் அவள்.

பீயக்ரா குனிந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், மூலைகளைத் தடவினான். "நல்லாருக்குக்கா," என்றான். அது ஞாயிற்றுக்கிழமை.

வியாழக்கிழமை தூறல். பழைய குழந்தை வண்டியின் சக்கரங்களில் பெட்டியைக் கட்டி, உருளைக்கல் பாவிய தெருவில் தடதடவென்று தள்ளிக்கொண்டு வந்தார்கள். நோரீன் மழைக்கோட்டில், சத்தம் அளக்கிற கருவியை முக்காலியில் பொருத்தி, சாக்பீஸில் கோடு போட்டுத் தயாராக நின்றாள். அடுத்த குழு, டிரம் அடிக்கிற நாலு பையன்கள், மருந்துக்கடைப் பந்தலுக்குக் கீழே சிரித்துக்கொண்டு நின்றது.

மூன்று பேரும் ஒரு வேகமான ஆட்ட மெட்டை எடுத்தார்கள். பெட்டி பிரமாதமாகப் பாடியது. இரைச்சல் இல்லை, கீச்சு இல்லை. ப்ரோனா வாசித்துக்கொண்டே உள்ளுக்குள் பூரித்தாள்.

"எண்பது," என்றாள் நோரீன்.

"என்னது?"

"எண்பது, ப்ரோனா. அஞ்சு ஜாஸ்தி."

ப்ரோனா துருத்தியை நாற்காலியில் வைத்துவிட்டுப் பெட்டியின் முதுகுப் பக்கம் பாய்ந்தாள். எட்டுத் திருகாணி. ஏழில் சிவப்பு முழுசாக இருந்தது. எட்டாவதில் பாதி பெயர்ந்திருந்தது. கல் தெருவில் தட்டித் தட்டி வந்த பெட்டி, பெயராமல் என்ன செய்யும்? அதை யோசிக்கிற நிலையிலா அவள் இருந்தாள்!

"திறந்திருக்க," என்றாள் தம்பியைப் பார்த்து.

"நான் தொடவே இல்லக்கா."

"தொடலையா? பொய் சொல்லாத. பொறந்ததுலேர்ந்து உன் கை ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கா?"

"ப்ரோனா, ஆளுங்க பாக்கறாங்க," என்றான் மர்ட்.

"பாக்கட்டும்! நல்லா பாக்கட்டும்! எட்டு நாள் நான் செத்து சுண்ணாம்பாகி செஞ்சது. இது கெட்டுப்போகணும்னுதானேடா திறந்த? கேல்கரிக்கு ஓட உனக்கு ஒரு சாக்கு வேணும். போறேன்னு நேரா சொல்லத் துப்பில்ல. சதுக்கம் போச்சு, அதனால போறேன்னு சொல்லிக்கலாம். அம்மா சாகக் கிடந்தப்பவும் இதைத்தானே செஞ்ச? பஸ் கிடைக்கலன்னு ரெண்டு நாள் கழிச்சு வந்து நின்ன."

பீயக்ராவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. பிடிலைத் தாடைக்குக் கீழிருந்து எடுத்தான். டிரம் பையன்கள் கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

நோரீனுக்கு இதெல்லாம் தினப்படி கூத்து. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க. எது எவ்வளவுன்னு நான் தனித்தனியா எழுதணும். ஒவ்வொருத்தரா வாசிங்க. பிடில் முதல்ல."

பீயக்ரா எட்டு வரி வாசித்தான். வில் நடுங்கவில்லை, அதுதான் அவன்.

"எழுபத்தொண்ணு."

மர்ட் கிடாரைத் தட்டிக்கொண்டு ஒரு சரணம் பாடினான்.

"எழுபத்திரண்டு. உன்னுது, ப்ரோனா."

அவள் உட்கார்ந்தாள். கையை வாரில் நுழைத்தாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன், விரல் பொத்தானில் படுவதற்கு முன்பே. ஆனாலும் வாசித்தாள்.

"எழுபத்தெட்டு," என்றாள் நோரீன். எழுதினாள்.

மர்ட் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "அம்மா தாயே! மூணு வருஷம்! மூணு வருஷமா உன் துருத்தி எங்க ரெண்டு பேரையும் முழுங்கிட்டிருக்கு. பழைய பெட்டிய மாட்டி அளவு வெச்சது யாரு? நீ. உன்னுத உச்சாணியில வெச்சிட்டு எங்கள பாதாளத்துல வெப்ப. நாங்க ஏன் குனிஞ்சு குனிஞ்சு திருகினோம்னு நெனக்கற? எங்க காதுக்கு எங்க சத்தம் கேக்கணும்னுதான். அது தாண்டி ஒரு ஆசையும் இல்ல."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"உன்கிட்டயா?" என்றான் மர்ட். "சொல்லிட்டு உயிரோட வீட்டுக்குப் போறதுக்கா?"

ப்ரோனாவுக்கு முகம் எரிந்தது. யார் மேல் பாய்வது என்று தெரியவில்லை. மர்ட் மேல், நோரீன் மேல், அந்தப் பெட்டியின் மேல், எல்லார் மேலும் பாயலாம் போல இருந்தது. பாய ஒரு காரணமும் மிஞ்சவில்லை. அத்தனை கோபமும் திரும்பி வந்து அவள் நெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டது.

"அஞ்சு நிமிஷம் தரேன். குறைக்க முடியுமா?" என்றாள் நோரீன்.

"முடியாது. திறக்கற ஸ்க்ரூடிரைவர் வீட்டுக் கொட்டகையில இருக்கு. இவங்க கையில கிடைக்கக் கூடாதுன்னு விட்டுட்டு வந்தேன்." போய்த் திரும்ப அரை மணி ஆகும்.

பிறகு குனிந்து, பெட்டியிலிருந்து தன் ஒயரைப் பிடித்து இழுத்தாள். பட்டென்று கையோடு வந்தது.

"இப்ப அளங்க."

மறுபடி அதே மெட்டு. பிடிலும் குரலும் பெட்டியிலிருந்து வந்தன. ப்ரோனாவும் வாசித்தாள், ஒரு ஸ்வரம் விடாமல், தோள் வலிக்க இழுத்து அமுக்கினாள். இரண்டடி தள்ளி நின்றவனுக்குக் கூட அது கேட்டிருக்காது. தம்பியின் பிடில் சதுக்கத்தின் மூலை வரைக்கும் போவதை அவள் அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்டாள். அடேயப்பா, என்ன கை அது! இவ்வளவு நாள் இதன் மேல் அவள்தான் கம்பளியைப் போட்டு மூடி வைத்திருந்தாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தன்னையே இரண்டு அறை அறைய வேண்டும் போலிருந்தது.

"எழுபத்திநாலரை," என்றாள் நோரீன். "பாஸ். துருத்தி மாட்டக் கூடாது, மாட்டணும்னா மறுபடி வந்து அளந்துக்கங்க. மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க."

டிரம் பையன்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். மர்ட் தாளை வாங்கி, பெட்டியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். பேனா பீயக்ராவிடம் போனது. அவன் போடாமல் நின்றான்.

"டோனல்கிட்ட திங்கக்கிழமையே சொல்லிட்டேன், வரலன்னு," என்றான், அவளைப் பார்க்காமல். "பெட்டியப் பாத்த மறுநாள். அக்கா இவ்வளவு செஞ்சிருக்கா, இனிமே எங்க போறதுன்னு."

ப்ரோனா பிடுங்கிய ஒயரை விரலில் சுற்றினாள்.

"இந்தக் கோடை முழுக்க வாசிக்கறேன். மர்ட்டுக்கு வாடகை இருக்கு, அவன நான் பாதியில விட்டுட்டுப் போக மாட்டேன்." கையெழுத்துப் போட்டான். பேனாவை நோரீனிடம் கொடுத்துவிட்டு, போனை எடுத்துக் கட்டைவிரலால் எழுத ஆரம்பித்தான். "அங்க இன்னும் விடியல. எழுந்ததும் பாப்பான். செப்டம்பர்ல வரேன்னு போட்டிருக்கேன்."

"பீயக்ரா."

"என்ன?"

மன்னிச்சிடு என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. நாற்பத்திரண்டு வயது வரை ஒருவரிடமும் சொல்லாத சொல், வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது. "திங்கக்கிழமையே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா," என்று சீறினாள். அவள் குரலில் வந்தது மறுபடியும் கோபம்தான்.

"சொல்லியிருக்கலாம்," என்றான் அவன். போனைப் பைக்குள் போட்டான்.

"உன் கையெழுத்து, ப்ரோனா," என்றாள் நோரீன், தாளில் மழை படாமல் பிடித்துக்கொண்டு.

ப்ரோனா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.