கால்மாட்டுத் தலையணை

“சலைன நிறுத்திட்டு எங்க நைனாவ சாவட்டும்னு வுட்டுடுவீங்களா?”

நான் போட்ட கூச்சலில், ஐ.சி.யூ. வாசலில் காத்திருந்த மொட்டைத் தலையும் சந்தனமுமான ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும், எனக்கென்ன? நேற்று காய்ச்சலோடு அம்மையார்குப்பத்திலிருந்து அப்பாவைத் தூக்கி வந்தோம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். பிரஷர் ஏறவே மாட்டேன் என்கிறது.

டாக்டர் அனுராதா பொறுமையாகப் பேசியதுதான் என் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

“கால தூக்கினா அங்க இருக்கற ரத்தம் இதயத்துக்கு வரும் சார். இதயம் அத வாங்கி அதிகமா வெளிய தள்ளுதான்னு எக்கோ ஸ்கேன்ல அளந்தேன். தள்ளல. இதுக்கு மேல சலைன் போட்டா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்.”

“பெருசா அளந்துட்டீங்க! என் கண்ணு முன்னால அளங்க, வாங்க.”

உள்ளே அம்மா போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கால்மாட்டில் போர்வை மேடாகத் தெரிந்தது. டாக்டர் விலக்கினார். எங்கள் வீட்டுத் தலையணை, அதன்மேல் நைனாவின் கால்கள்.

“இது எப்பலேர்ந்து இருக்கு?”

“உள்ள வுடும்போதெல்லாம் வெச்சிகினுதான் இருக்கேன்” என்றாள் அம்மா. “பவர்லூம்ல நின்னு நின்னு வீங்கிப்போன காலும்மா. இது இல்லாம தூங்கமாட்டாரு.”

டாக்டரின் முகம் செத்துப்போயிற்று. “ஏற்கெனவே தூக்கி வெச்ச காலத்தான் தூக்கி அளந்திருக்கேன். வித்தியாசம் எப்படித் தெரியும்?”

போர்வையை விலக்கிப் பார்க்க என்ன கேடு இவளுக்கு? அம்மாமேலும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “அறிவு கீதாம்மா உனக்கு?” என்று கத்தி, தலையணையை உருவி அவள் கையில் திணித்தேன்.

கால்களைச் சமமாகக் கிடத்தி, சற்றுப் பொறுத்து ஒருமுறை அளந்தார்கள். பிறகு “தூக்குங்க சார்” என்றார் டாக்டர். திருநாளுக்கு விழுந்து கும்பிட்டதைத் தவிர நான் தொட்டறியாத கால்கள். நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. கனத்தது.

டாக்டர் கருவியை நெஞ்சில் அழுத்தித் திரையையே பார்த்தார்.

“தள்ளுது” என்றார். “நல்லாவே தள்ளுது. சிஸ்டர், சலைன் போடுங்க.”

இவ்வளவு நேரம் வீணாய்ப் போனதே என்று டாக்டரை நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா என் சட்டையைத் தொட்டாள்.

“அவரு கால் கீழயே கெடக்குதேடா. இப்ப வெக்கலாமா?”

அவள் நெஞ்சோடு அணைத்திருந்த தலையணையில், குதிகால்கள் அழுந்திய இரண்டு குழிகள் இன்னும் மேலெழாமல் இருந்தன.