முருங்கைக்கு ஓர் ஓட்டு

எங்கள் பாலிகஞ்ச் குடியிருப்பின் சுவரோரம் நிற்கும் முருங்கை, ஒன்பது வருடத்துக்கு முன் நான் நட்ட கொம்பு. லேக் மார்க்கெட் காய்கறிக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். அந்த இடம் எட்டு வீட்டுக்கும் பொது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மரம் இடுப்பளவு இருந்தவரை வேறு யாருக்கும் உறைக்கவில்லை. பூக்க ஆரம்பித்ததும் எல்லோருக்கும் உறைத்தது.

முதல் சண்டை மூன்றாம் மாடி கீதாஞ்சலியோடு. குடியிருப்போர் சங்கத்தின் பதிவேடுகள் அவள் பொறுப்பு. வங்காளிகளுக்கு முருங்கைப் பூ என்றால் உயிர். குளிர் விலகும் நாளில் அதை வதக்கித் தின்றால் அம்மை அண்டாதாம். கீதாஞ்சலி மூங்கில் கழியில் கொக்கி கட்டி, பால்கனியில் நின்றபடியே கிளையை வளைத்துப் பூவை உருவிவிடுவாள். பூவையே தின்றுவிட்டால் காய் எங்கிருந்து வரும் என்று கேட்டேன்.

"காயும் சாப்பிடுவோம் பௌதி, மிஞ்சினால்," என்றாள். அண்ணி முறை வைத்துத்தான் என்னை அழைப்பாள், மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. "நீங்கள் கீரை கீரை என்று இலையை உருவுகிறீர்களே, மரம் மூச்சு விட வேண்டாமா?"

அத்தோடு பேச்சு நின்றது. இரண்டு வருடமாகப் புகார்தான். சங்கத்தின் செயலாளர் பெயர் ஸ்ரீனிவாசராகவன். என் கணவர். வங்கித் தணிக்கையில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர், வாய்ப் பேச்சை ஏற்க மாட்டார். சாப்பிடும்போது நான் புலம்பினால், "எழுதிப் புகார்ப் பெட்டில போடு. நான் ஒரு பக்கமா பேசப்படாது," என்பார். எழுதினேன். கீழே போய்ப் பெட்டியில் போட்டேன். மறுநாள் 'திருமதி மாதவி அவர்களுக்கு' என்று பதில் எங்கள் கதவுக்கு அடியில் செருகியிருந்தது. உள்ளே இருந்த மனுஷர் இதற்காக வெளியே போய்ச் செருகிவிட்டு வந்திருக்கிறார்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். போன வருடம் தரைத்தள வீட்டை வாங்கி சிவராஜ் குடிவந்தார். சேலத்துக்காரர். தமிழ்க்குரல் கேட்ட சந்தோஷத்தில் முதல் நாளே அவருக்கு நாலு முருங்கைக்காய் கொடுத்தவள் நான். அவர் காருக்கு ஒதுக்கிய இடம் மரத்தடி. மழைக்காலத்தில் புதுக் காரின் மேல் கம்பளிப்பூச்சி கொட்டியது. மரத்தை வெட்டச் சொல்லி மனு கொடுத்துவிட்டார். ஊருக்குச் சொன்ன காரணம் பூச்சி. என்னிடம் மட்டும் படிக்கட்டில் உண்மையைச் சொன்னார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. வாசலுக்கு நேரா முருங்கை நின்னா ஆகாதுங்க. பொண்ணுக்கு வர்ற வரனெல்லாம் தட்டிப் போகுதுங்க."

"ஒம்பது வருஷமா எந்த வேதாளமும் இறங்கலையே?"

"நீங்க மாடியில இருக்கீங்க. எறங்கினா மொதல்ல எங்க வீடுதானுங்க."

வெட்ட அனுமதி கேட்பதற்கு முன் சங்கம் தீர்மானம் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூடினோம். எட்டு வீட்டில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மீதி ஏழு. வெட்டலாம் என்று மூன்று கை. வேண்டாம் என்று மூன்று கை, அதில் முதலில் உயர்ந்தது கீதாஞ்சலியுடையது. "மரம் போனால் பூ ஏது?" என்றாள், என்னைப் பார்க்காமலே.

மிச்சம் எங்கள் வீட்டு ஓட்டு. என் கணவர் எழுந்தார். "என் மனைவி இந்த வழக்கில் ஒரு கட்சி. அதனால் நான் ஓட்டுப் போடுவது முறையல்ல. ஓட்டு சமமானால் மனுதாரர் பக்கம் என்பது விதி."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கட்டிய புருஷன் ஒரு கை தூக்கினால் மரம் பிழைக்கும். இவருக்கு முறை பெரிதாகப் போய்விட்டது.

அப்போது கீதாஞ்சலி பதிவேட்டைப் பிரித்தாள். என் கணவர் அவளுக்கு அண்ணன் முறை. "தாதா, இந்த வீட்டின் உரிமையாளர் என்று பௌதியின் பெயர்தான் இருக்கிறது. உங்கள் பெயர் இல்லையே?"

உண்மைதான். மண்ணும் மனையும் அவர் பேரில் வேண்டாம் என்று ஜோசியர் சொன்னதால் வீட்டை என் பேரில் வாங்கினோம். கீதாஞ்சலி அடுத்த பக்கத்தை வாசித்தாள். உரிமையாளர் மட்டுமே ஓட்டுப் போடலாம், பதவி வகிக்கலாம். விதிகள் முழுக்க என் கணவரே எழுதியவை.

"அப்ப பத்து வருஷமா யாருங்க செயலாளர்?" என்றார் சிவராஜ்.

என் கை மடியிலேயே கிடந்தது. நான் ஓட்டுப் போட்டால் மரம் நிற்கும், அவர் பதவி போகும். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் அந்தப் பெட்டியைத் திறப்பார். சனியன் பிடித்த மரம் போனால் போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டேன்.

அவர் பதிவேட்டை வாங்கி, வரியில் விரல் வைத்துப் படித்தார். காது சிவந்திருந்தது. "விதி சரியாத்தான் இருக்கு. கையைத் தூக்கு, மாது."

கூட்டத்தில் அவர் என்னை மாது என்று அழைத்ததே இல்லை. கண் கலங்கியது. தூக்கினேன்.

"நாலுக்கு மூணு. மனு தள்ளுபடி," என்று எழுதிவிட்டு, பேனாவை மூடிப் பதிவேட்டின் மேல் வைத்தார்.

மழைக்கு முன் கிளைகளை ஒடித்துவிடுவது, கார் இல்லாத எங்கள் இடத்தை சிவராஜுக்குக் கொடுப்பது என்று முடிவானது. மரம் அவர் வாசலுக்கு நேரேதான் நிற்கிறது, அதற்கு எந்தச் சங்கமும் தீர்மானம் போட முடியாது. செயலாளர் வேலைக்கு யாரும் முன்வரவில்லை. கீதாஞ்சலி என் பெயரைச் சொன்னாள், எல்லோரும் அவசரமாகக் கைதட்டினார்கள்.

படியேறும்போது பாதியில் அவர் நின்றார். "இப்போ நான் வெறும் ஆளுதானே?"

"ஆமாம்."

மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவ பூவை உருவறது அக்கிரமம், மாது. நானும் வருஷாவருஷம் பார்த்துப் பார்த்து வயிறெரிஞ்சுண்டுதான் இருக்கேன். ஒரு காய் விடறதில்லே."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இத்தனை நாள் ஏங்கினேன். நேற்றுச் சொல்லியிருந்தால் பாயசம் வைத்திருப்பேன்.

"மெதுவாப் பேசுங்கோ, காதுல விழப்போறது," என்றேன். "அவ இல்லேன்னா இன்னிக்கு மரமே இல்லே."

அவர் முகம் சுண்டிப் போயிற்று. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆமாம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.