தரையில் படாத வண்டி

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் தள்ளுவண்டிகள் மொத்தம் ஏழு. ஆறு தரையில் ஓடின, ஒன்று தரைக்கு நாலு விரல் மேலே போனது. அதைத் தள்ளியவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டி மிதப்பதைப் பற்றி ஆரம்பத்தில் கொஞ்சம் பேச்சு இருந்தது. பொறியாளர் ஒருவர் வந்து, அளவுகோலை அடியில் நுழைத்துப் பார்த்து, சக்கரம் தேயாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தரை துடைக்கும் அக்காவுக்கு மட்டும் இதில் உண்மையான சந்தோஷம். வண்டி போகும்போதே அடியில் மாப்பை விட்டுத் துடைத்துவிடுவார், நின்று வழிவிட வேண்டியதில்லை.

இதெல்லாம் ஒரு புத்த பிக்குவால் வந்தது. குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ள வந்த அவர், பழைய கட்டடமும் புதிய கட்டடமும் சேரும் இடத்திலுள்ள இரண்டு அங்குல மேட்டில் வண்டி ஏறி இறங்கியதும், ஞானமெல்லாம் பறந்துபோய் அலறிவிட்டார். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே நிதானத்திடம், தள்ளும்போது தள்ளுகிறோம் என்று தெரிந்து தள்ளு, படுத்திருப்பவர் சுகமாக இருக்கட்டும் என்று மனதார நினை, வேறொன்றும் வேண்டாம் என்றார். வேண்டியவர்களுக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் அப்படி நினைப்பது பெரிதில்லை, ஆகாதவர் ஒருவர் வருவார், அப்போது பார் என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பகுதியை நிதானம் காதில் வாங்கவில்லை. மூன்றாம் மாதம் வண்டி எழும்பியது. அடுத்த எட்டு வருடத்தில் அந்த மேட்டை அவரோடு கடந்தவர்கள் யாரும் முனகக்கூட இல்லை. எலும்பு முறிந்தவர்கள் சிலர் வழியிலேயே தூங்கிப்போனார்கள்.

ஒன்பதாம் வருடம் ஒரு காலையில் அவருடைய அண்ணன் வந்தார். ஏணியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து, தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். இருவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வருடம் அண்ணன் வீட்டில் அம்மா இறந்தபோது அவர் சொல்லி அனுப்பவில்லை. நாலாம் நாள் கடைத்தெருவில் யாரோ துக்கம் விசாரித்துத்தான் அம்மா போனதே நிதானத்துக்குத் தெரிந்தது. அந்த முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவிடாத மனுஷனை அவர் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. டாக்டரோ, அறுவை அரங்கு புதிய கட்டடத்தில் இருக்கிறது, மேட்டில் ஒரு சின்னக் குலுக்கல் போதும், கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது, நாலு பேர் தூக்கினால் நாலு விதமாகத் தூக்குவார்கள், நிதானமே கொண்டுபோகட்டும் என்று சொல்லிவிட்டார்.

வண்டி எழும்பவில்லை. நிதானம் மூச்சைக் கவனித்தார், பாதத்தைக் கவனித்தார், சுகமாக இருக்கட்டும் என்று வாயால் பத்து முறை சொன்னார். வண்டி தரையிலேயே கிடந்தது. தள்ளுபவர் நிற்கிற தலைமாட்டிலிருந்து அண்ணனின் முகம் ஒரு சாண் தூரத்தில் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல், அந்த வேலையில் இருக்கிற எவரும் செய்யாத ஒன்றைச் செய்தார். கால்மாட்டுக்கு வந்து, முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் கொடுத்துக் கம்பியைப் பிடித்து வண்டியை மெல்ல இழுத்தார். சக்கரம் கிறீச்சிட்டது. எட்டு வருடத்தில் முதல்முறையாக அக்கா மாப்பைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். மேட்டுக்கு இன்னும் பத்தடி இருந்தது.

நிதானம் நின்றார். திரும்பாமலே கேட்டார். "ஏன் சொல்லி அனுப்பல?"

அண்ணன் கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "மூணு வருஷம் படுக்கையில கிடந்த அம்மாவை நான்தான் பார்த்துக்கிட்டேன். கடைசியில என்னையே உன் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. தாங்க முடியலடா. போகும்போதாவது எனக்கு மட்டும் இருக்கட்டும்னு நினைச்சுட்டேன்."

அதைக் கேட்டு நிதானத்தின் மனம் இளகவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது. கம்பியை இறுக்கிப் பிடித்தார். அப்போது போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அண்ணனின் கால் அவர் மணிக்கட்டில் பட்டது. சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தார். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடந்தது, அம்மாவுக்கு இருந்தது போலவே. பாவம், குளிருமே என்று தோன்றியது. அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு பாதங்களையும் கைக்குள் வைத்து, சூடேறும்வரை பிடித்திருந்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடினார்.

வண்டி எழும்பியது. நாலு விரலோடு நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருந்ததால் நிதானம் கையைத் தூக்கித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மேட்டைக் கடந்தது அண்ணனுக்குத் தெரியவே இல்லை. கூரை விளக்கின் மேல் தூசி படிந்திருப்பதை மட்டும் பார்த்து, அதைச் சொல்லவும் செய்தார். அக்கா மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தார்.

அதன்பிறகு அந்த வண்டி முழங்கால் உயரத்துக்குக் கீழே இறங்கியதில்லை. காற்றில் நகர்ந்துவிடாமல் இருக்க ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டி வைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துத் தன் காலாலேயே வீட்டுக்கு நடந்துபோன அண்ணன், மாதம் ஒருமுறை எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறார். நிதானம் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவர் நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் விட்டபடி, அம்மாவின் கடைசி மூன்று வருடத்திலிருந்து ஒரு நாளை எடுத்துச் சொல்கிறார். ஒரு தடவைக்கு ஒரு நாள்தான். இன்னும் நிறைய நாள்கள் மீதி இருக்கின்றன. தரையைத் தொடாத சக்கரத்துக்கு எண்ணெய் எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.