அலையக் கற்ற கண்

ஜன்னலுக்கு வெளியே மழையும் வெயிலும் சேர்ந்து விழுகின்றன. தரையெல்லாம் ஈரம். ஈரமெல்லாம் வெளிச்சம். நான் என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டாசு ஆலையில் வந்த பழக்கம். கையில் வெடிமருந்து இருக்கும்போது கண் அலையக்கூடாது. அலைந்தால், ஃபோர்மேன் அண்ணாச்சியின் வாய்க்குப் பயந்தே பாதி உயிர் போய்விடும்.

அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுப்புத்தாயை வேலை நேரத்தில் நான் பார்த்ததே இல்லை. கேட்டிருக்கிறேன். திரி செருகச் செருகப் பேசுவாள். ஊர் வம்பு, மாமியார் வம்பு, என் சமையல் வம்பு. அவள் வாய் ஓயவே ஓயாது.

ஆடி மாதத்தில் ஒருநாள் தீ வந்தது. அன்றுதான் நிமிர்ந்தேன். வெள்ளை வெளிச்சத்தில் அவள் முகம்.

நான் பிழைத்தேன். அவள் இல்லை.

அதன்பிறகு கண்ணை மூடினால் அந்த முகம். தீக்குச்சி உரசினால் அந்த முகம். எங்கள் வீட்டில் அடுப்பை என் வீட்டுக்காரர்தான் பற்றவைக்கிறார், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல்.

அவர்தான் என்னை மனநல டாக்டர் ஷகிலா மேடத்திடம் கூட்டிப் போனார். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. அந்த நாளை மனதில் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், தன் விரல் போகும் பக்கமெல்லாம் கண்ணால் போகச் சொன்னார் மேடம். இடம். வலம். இடம். வலம். விரலை ஆட்டினால் துக்கம் போய்விடுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கண் நகரவில்லை. நடுவிலேயே நின்றது.

"என்னம்மா பயம்?"

"அந்த முகம் போயிருச்சுன்னா அவளும் போயிருவாளே மேடம். எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

மேடம் விரலைக் கீழே இறக்கினார். "அவங்கள யாரும் உங்ககிட்டருந்து எடுக்க முடியாதும்மா. பயம்தான் குறையும்" என்றார்.

நான் நம்பவில்லை. நம்பாமலே மறுவாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும்.

கண் மெல்ல அலையக் கற்றது. இடம். வலம். வெளிச்சம் வந்தது, நெஞ்சு அடித்தது, விரல் போனது, கண்ணும் போனது. வெளிச்சம் மங்கியது. முகமும் மங்கியது. ஐயோ, போகிறாளே என்று பதறினேன்.

அப்போதுதான் கேட்டது. முகம் இல்லை. குரல்.

"ஏ புள்ள வேலம்மா, நீ கிண்டுன புளிச்சோத்த எறும்புகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போகுது."

அவளேதான். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் கொட்டியது. அதைப் பார்த்த மேடம் சட்டென்று விரலை நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க மேடம்" என்றேன். "அவ பேசிக்கிட்டு இருக்கா."