மூன்றாவது சிலிண்டர்

டீச்சரின் கார் ஷெட்டுக்குள் நுழையும்போதே மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது, நாலு சிலிண்டரில் ஒன்று எரியவில்லை. நொண்டி நொண்டி வந்து, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் இந்த வண்டிக்கு நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிக் கொடுத்தது அவன்தான்.

"மேட்டுல ஏறவே மாட்டேன்னுடுச்சு. ஒரு வாரம் ரோட்டோரத்துலயே கிடந்துச்சு. இன்னைக்குத்தான் மெதுவா ஓட்டிக்கிட்டு வர முடிஞ்சது" என்றார் டீச்சர்.

"அவசரமா எங்கயாவது போகணுமா டீச்சர்?" எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"இல்ல. இனிமே ஒண்ணும் அவசரமில்ல."

தண்ணி டிரம்முக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவன் பானெட்டைத் தூக்கினான்.

அவன் மனைவி இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பத்தாம் நாளே வேலைக்கு வந்துவிட்டான். வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுதுடு, அழுதா இறங்கிடும் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவனும் வரும் வரும் என்று, நேரம் தவறிய பஸ்ஸுக்கு நிற்பவனைப் போலக் காத்திருந்தான். வரவில்லை. சாப்பிட்டான், குளித்தான், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கல்லுளிமங்கன் என்று யாரோ பின்னால் சொன்னதும் காதில் விழுந்தது. அதுவும் வேறு யாரையோ சொன்னது போலத்தான் இருந்தது. போன வாரம் சூடான சைலன்சரில் முழங்கை பட்டு, தோல் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தான்.

ஸ்கேனரைச் செருகினான். மூன்றாவது சிலிண்டர் என்று காட்டியது. மூன்றாவது பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினான், இரண்டாவதை இங்கே மாட்டினான். காயிலில் கோளாறு என்றால் கோளாறும் அதோடு இடம் மாற வேண்டும். மாறவில்லை, மூன்றிலேயே நின்றது. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டரில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டான். டிக் டிக்கென்று ஒழுங்காக அடித்தது. பெட்ரோல் வருகிறது. மிச்சம் இருந்தது பிளக் ஒன்றுதான்.

கழற்றித் துணியால் துடைத்தான். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடியிருந்தது. விரிசல். மின்சாரம் நுனிக்குப் போகாமல் அதன் வழியாகவே கசிந்திருக்கிறது. சமதரையில் எப்படியோ சமாளித்து, மேட்டில் இழுக்கும்போது கைவிட்டிருக்கிறது. பிளக் தானாக இப்படி விரிவதில்லை. முடுக்கும்போது ஸ்பேனர் சாய்ந்தால் விரியும்.

சாய்ந்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள். 'டிக்'கென்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. காதில் விழுந்தது. கழற்றிப் பார்க்க வேண்டும் என்று புத்தி சொன்னது. கை அதுபாட்டுக்கு நாலாவது பிளக்கை எடுக்கப் போய்விட்டது.

அப்போதுதான் மச்சான் வந்தார், அவன் மனைவியின் அண்ணன். ஷெட் அவருடையது. தங்கை போனதிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார், நிறுத்தினால் விழுந்துவிடுவாரோ என்னவோ. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"டீச்சர் பாவம் மாப்ள. அவங்கப்பாவுக்குக் கடைசி நேரம், மகளப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. இவங்க வண்டி மேட்டுல நின்னுடுச்சு. லாரி ஒண்ணக் கைகாட்டி ஏறிப் போயிருக்காங்க. போய்ச் சேர்றதுக்கு முக்கா மணி நேரம் முன்னாடி முடிஞ்சுபோச்சாம்."

அவன் பிளக்கை நீட்டினான். மச்சான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருந்துச்சுன்னு சொல்லிடலாம்" என்றார். "சொல்லி என்ன ஆகப்போகுது? போனவரு வரப்போறாரா?"

நெஞ்சில் ஏதாவது இடிக்கும் என்று அவன் நின்று பார்த்தான். இடிக்கவில்லை. ஒரு மனுஷன் வாசலைப் பார்த்தபடியே செத்திருக்கிறான், தன் கை செய்த காரியம், அப்போதுகூட உள்ளே மரத்துக் கிடக்கிறது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. பிளக்கை வாங்கிக்கொண்டு நாற்காலியை நோக்கி நடந்தான்.

"டீச்சர், இது என் தப்பு. அன்னைக்கு முடுக்கும்போது நான்தான் உடைச்சிருக்கேன்."

டீச்சர் பிளக்கைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தை.

"உடைஞ்சது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தம் கேட்டுச்சு. கழட்டிப் பாத்திருக்கணும். பாக்கல."

"ஏன்?"

பின்னாலிருந்து மச்சான்தான் பாய்ந்தார். "அவன் பொண்டாட்டி, என் தங்கச்சி, செத்து அப்ப ரெண்டு வாரம்கூட முழுசா ஆகல டீச்சர். இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு அழல. அவன் அவனாவே இல்ல..."

"அதச் சொல்லாதீங்க மச்சான்!"

ஷெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டான். ஆறு வாரத்தில் அவன் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. மச்சானின் வாய் திறந்தபடியே நின்றது. மெதுவாக அங்கிருந்து நகர்ந்து, ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டீச்சர் பிளக்கை வாங்கி, அந்தக் கறுப்புக் கோட்டை நகத்தால் தடவினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"நானும் இன்னும் அழல" என்றார் கடைசியில். அதை அவனிடம் சொன்னது போலவும் இல்லை. பிறகு எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "மத்த மூணையும் கழட்டுங்க. நான் பாக்கணும்."

ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தான். டீச்சர் ஒவ்வொன்றையும் வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்து, குழந்தையின் காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் பார்ப்பது போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூன்றும் நன்றாக இருந்தன. மூன்றாவதுக்குப் புது பிளக்கை அவன் முதலில் விரலாலேயே திருகி இறக்கினான். பிறகு ஸ்பேனரை நேராக நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்கினான். மற்ற மூன்றையும் அதேபோலத் திரும்ப மாட்டினான். அவர் கண் அவன் மணிக்கட்டை விட்டு நகரவில்லை.

டீச்சர் உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு பிசிறில்லாமல் ஓடியது. மஞ்சள் விளக்கைக் காணோம். அவர் கியர் போடவில்லை. ஸ்டியரிங் மேல் கறைபட்ட விரல்களோடு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவன் பானெட்டை மூடாமல், என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றான். சூடு மெல்ல ஏறுவது கையில் தெரிந்தது. வெளியே யாரோ உள்ளே வர வழி கேட்டு ஹார்ன் அடித்தார்கள், இரண்டாவது தடவையும் அடித்தார்கள்.